ஒரே குவாசர்... வானில் இரண்டாகத் தெரிவது ஏன்? 417 நாள் லேட்டாக வரும் ஒளியும், புற ஊதா டெலஸ்கோப்புகள் பிடித்த துப்பும்!

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். சுமார் 18 மீட்டர் நீளம். வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள். பக்கத்து மாவட்டமான அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களைத் தோண்டினால் சிப்பியும் நத்தையும் கல்லாக வந்து விழும். டைனோசர் காலத்தில் இந்தப் பகுதியின் மேல் கடல் ஏறி நின்றதற்கு அதெல்லாம் சாட்சி.

அந்த மரம் உயிரோடு நின்ற நாளில், வானத்தின் வடக்குப் பக்கத்தில் இருந்து ஓர் ஒளி பூமியை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் 12 கோடி ஆண்டு பயணம் பாக்கி. ஆனால் அந்த ஒளியின் கணக்கில் அது கடைசி ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரிதான். ஏனென்றால் அது கிளம்பி ஏறக்குறைய 900 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. நூற்றில் 98 பங்கு பயணம் அப்போதே முடிந்துவிட்டது.

அது கிளம்பியபோது சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. பூமியின் வயதே 454 கோடி ஆண்டுகள்தான்.

இதில் ஆச்சரியம் தூரம் அல்ல. அந்த ஒளி நம்மிடம் ஒரு தடவை வந்து நிற்கவில்லை. ஒரே இடத்தில் இருந்து ஒரே நேரத்தில் கிளம்பியது, இரண்டு பாதையில் பிரிந்து, முதலில் ஒரு தடவையும், சரியாக 417 நாள் கழித்து இன்னொரு தடவையும் வந்து சேர்கிறது. இதை வைத்துப் பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று அளக்கிறார்கள் விஞ்ஞானிகள். அதில் ஒரு பெரிய பஞ்சாயத்தும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

*குவாசர் என்றால் என்ன?*

ஒரு கேலக்ஸியின் நடுவில் கோடிக்கணக்கான சூரியன்களின் எடையுள்ள கருந்துளை உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள வாயு அதற்குள் நேராகப் போய் விழாது. தட்டு மாதிரி சுழன்று சுழன்றுதான் உள்ளே போகும். அப்படிச் சுழலும்போது உரசிச் சூடேறிக் கொளுத்தும் வெளிச்சம்தான் குவாசர். சுற்றி இருக்கும் கேலக்ஸியின் மொத்த நட்சத்திர ஒளியையும் அது ஒன்றுமில்லாமல் செய்துவிடும்.

அந்தத் தட்டின் உட்பகுதி பயங்கரச் சூடு. அடுப்பில் வைத்த இரும்பு முதலில் சிவக்கும், இன்னும் சூடேறினால் வெளுக்கும் அல்லவா? அதையும் தாண்டிச் சூடேறினால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் அதிகமாக வரும். அதனால் குவாசரின் பிரதான வெளிச்சமே புற ஊதாதான். இந்த விஷயம் பின்னால் முக்கியமாக வரும்.

*1979 மார்ச்சில் என்ன நடந்தது?*

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிட் பீக் வான் ஆய்வகத்தில் டென்னிஸ் வால்ஷ், ராபர்ட் கார்ஸ்வெல், ரே வெய்மன் ஆகியோரின் குழு 2.1 மீட்டர் டெலஸ்கோப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியோ அலை வரும் ஓரிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீலப் புள்ளிகள். இரண்டும் குவாசர்தான் என்று தெரிந்தது. இரண்டின் தூரமும் ஒன்றாகவே வந்தது. நிறமாலை, அதாவது ஒளியைப் பிரித்துப் பார்க்கும்போது கிடைக்கும் கைரேகை, அதுவும் அச்சு அசலாக ஒரே மாதிரி.

இரண்டு புள்ளிக்கும் வானில் உள்ள இடைவெளி வெறும் 6 ஆர்க்செகண்ட். ஒரு டிகிரியை 3,600 பங்காகப் போட்டால் அதில் 6 பங்கு. நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் கையில் இருக்கும் 3 மில்லிமீட்டர் பொருளின் அளவு.

அந்த ஜோடிக்குக் கியூ 0957+561 என்று பெயர். செல்லமாக 'இரட்டைக் குவாசர்'. இரண்டு புள்ளிக்கும் ஏ, பி என்று பெயர் வைத்தார்கள்.

உண்மையில் அங்கே இரண்டு இல்லை, ஒன்றுதான் என்று அந்த மூவரும் சந்தேகித்தார்கள். எடை அதிகமுள்ள பொருள் பக்கத்தில் போகும் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. 1919 சூரிய கிரகணத்தில் அது நிரூபணமும் ஆனது. குவாசருக்கும் நமக்கும் நடுவில் ஒரு பெரிய கேலக்ஸி குறுக்கே நின்றால், அது கண்ணாடி லென்ஸ் மாதிரி ஒளியை இரண்டு பக்கமும் வளைத்து, ஒரே பொருளை இரண்டாகக் காட்டும். ஈர்ப்பு லென்ஸ் என்று இதற்குப் பெயர். தடிமனான கண்ணாடி டம்ளரின் அடிப்பாகம் வழியாக ட்யூப் லைட்டைப் பார்த்தால் வெளிச்சம் இழுபட்டுப் பிரிந்து தெரியுமே, ஏறக்குறைய அதேதான்.

தனி நட்சத்திரங்களை வைத்து இதை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லை என்று 1936-ல் ஐன்ஸ்டைனே எழுதியிருந்தார். நட்சத்திரம் வேண்டாம், கேலக்ஸியை லென்ஸாக எடுத்துக்கொண்டால் நிச்சயம் தெரியும் என்று மறுவருடமே சொன்னவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. அவர் 1974-ல் காலமானார். ஐந்தே வருடத்தில் அவர் சொன்னது நடந்தது.

*அப்படியானால் ஏன் உடனே நம்பவில்லை?*

ரேடியோ டெலஸ்கோப்பில் பார்த்தால் குழப்பம். ஏ-யிடம் இருந்து நீளமாக ஒரு ரேடியோப் பீச்சு தெரிந்தது. பி-யிடம் அப்படி எதுவும் இல்லை. ஒரே ஆள் என்றால் ஒரு படத்தில் மட்டும் கை எப்படிக் காணாமல் போகும்? ரேடியோ பீச்சு பிம்பம் இரண்டாகும் எல்லைக்கு வெளியே நீண்டிருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

அப்போது விண்வெளியில் ஐயூஇ என்றொரு புற ஊதா செயற்கைக்கோள் இருந்தது. 1978 ஜனவரியில் ஏவப்பட்டது. கண்ணாடியின் அகலம் வெறும் 45 சென்டிமீட்டர். அந்தச் சின்னக் கண்ணாடி இரட்டைக் குவாசர் பக்கம் திருப்பப்பட்டது. புற ஊதாவிலும் இரண்டின் கைரேகையும் ஒத்துப்போனது. அதே சமயத்தில் அமெரிக்காவின் பாலமார் மலை டெலஸ்கோப்பில், பி-க்கு மிக அருகில் ஒட்டிக்கொண்டு மங்கலாக ஒரு கேலக்ஸி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. லென்ஸ் கையும் களவுமாகச் சிக்கியது.

அந்த லென்ஸ் கேலக்ஸியைக் குவாசர் ஒளி கடந்தது ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பூமி அப்போது பிறந்து சில கோடி ஆண்டுகளே ஆன கைக்குழந்தை இல்லை என்றாலும், மரமோ மீனோ எதுவும் இல்லாத வெறும் பாறையும் தண்ணீரும்தான்.

*புற ஊதாவில் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் என்ன?*

பிரபஞ்சத்தில் அதிகம் இருப்பது ஹைட்ரஜன். அதன் மிக முக்கியமான அடையாளக் கோடு லைமன் ஆல்ஃபா. 121.6 நானோமீட்டர் அலைநீளம். சுத்தமான புற ஊதா.

பிரபஞ்சம் விரிவதால் வழியில் ஒளியும் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. இரட்டைக் குவாசர் விஷயத்தில் 2.41 மடங்கு இழுபட்டு நம்மிடம் வருகிறது. 121.6-ஐ 2.41-ஆல் பெருக்கினால் 293 நானோமீட்டர். இங்கேதான் சிக்கல். நம் தலைக்கு மேலே உள்ள ஓசோன் படலம் சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே வரும் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நம் தோலையும் கண்ணையும் காப்பாற்றுவது அதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குவாசரின் ஹைட்ரஜன் கோடு மயிரிழையில் அந்தத் தடுப்புக்கு உள்ளே மாட்டிக்கொள்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள 2.3 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பானாலும் சரி, ஹவாய் எரிமலை உச்சியில் உள்ள 10 மீட்டர் டெலஸ்கோப்பானாலும் சரி, தரையில் நின்றுகொண்டு அந்தக் கோட்டைப் பிடிக்க முடியாது. மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தரையில் இருந்து இந்தக் குவாசரின் நீலம், பச்சை, சிவப்பு என்று நாம் பார்க்கும் அத்தனை ஒளியும் அங்கே கிளம்பும்போது புற ஊதாவாகக் கிளம்பியதுதான். வழியில் இழுபட்டு நிறம் மாறி வந்திருக்கிறது.

1990-களில் ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் ஏ, பி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் புற ஊதாவில் பார்த்தது. 293-க்குச் சற்று முன்னால், 291 நானோமீட்டர் பக்கத்தில் இரண்டிலும் ஆழமான ஒரு பள்ளம். குவாசருக்கு முன்னால் அடர்த்தியான ஹைட்ரஜன் மேகம் ஒன்று நின்று அந்த ஒளியைக் குடித்திருக்கிறது. ஆனால் ஏ-யில் பள்ளம் பெரிது, பி-யில் சிறிது. கணக்குப் போட்டால், ஏ-யின் பாதையில் பி-யைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஹைட்ரஜன்.

அந்த இடத்தில் இரண்டு பாதைகளுக்கும் இடைவெளி ஆயிரம் ஒளியாண்டுக்கும் குறைவு. ஒரு கேலக்ஸியின் குறுக்களவு லட்சம் ஒளியாண்டு வரை போகும் என்பதை வைத்துப் பார்த்தால் இது ஒரே தெருவில் பக்கத்து வீடு. 900 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு வாயு மேகத்தில், இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்திருக்கிறார்கள். ஒரே ஒரு குவாசர் ஒரே ஒரு பிம்பமாகத் தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது. மேகத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் போட்டிருக்க முடியும்.

*417 நாள் கணக்கு வந்தது எப்படி?*

பெரம்பலூரில் இருந்து ஒரே நேரத்தில் இரண்டு பஸ் சென்னைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நேஷனல் ஹைவேஸில் நேராகப் போகிறது. இன்னொன்று அரியலூர், ஜெயங்கொண்டம் என்று சுற்றிக்கொண்டு, லாரி நெரிசலில் சிக்கித் தாமதமாகப் போகிறது. இரண்டு பஸ்ஸிலும் அன்றைக்குக் காலைப் பேப்பர் ஒரு பிரதி. முதல் பஸ்ஸில் வந்த பேப்பரைச் சென்னையில் ஒருவர் படித்துவிட்டால், பின்னால் வரும் பஸ்ஸில் என்ன செய்தி இருக்கும் என்று வரி மாறாமல் சொல்லிவிடலாம். எப்போது வரும் என்பதுதான் தெரிய வேண்டும்.

குவாசர் ஒரே சீராக எரியாது. திடீரென்று கூடும், திடீரென்று குறையும். ஏ-யில் இன்று தெரியும் ஏற்ற இறக்கம் பின்னொரு நாளில் பி-யில் அப்படியே தெரிய வேண்டும். பி-யின் ஒளி லென்ஸ் கேலக்ஸியின் மையத்துக்கு மிக அருகில் புகுந்து வருவதால், ஈர்ப்பில் சிக்கிக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது.

இதில் பத்து வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது. தாமதம் 415 நாள் பக்கம் என்றது ஒரு குழு. இல்லை, 540 நாள் பக்கம் என்றது இன்னொரு குழு. இரண்டு தரப்பும் கையில் வைத்திருந்தது ஏறக்குறைய ஒரே மாதிரியான தகவல்கள்தான். இரவு இரவாக எடுத்த, இடையில் மேகமும் நிலவும் மழைக்காலமும் ஓட்டை போட்ட தகவல்கள்.

1994 டிசம்பரில் வழி பிறந்தது. ஏ திடீரென்று மங்கியது. டொமிஸ்லாவ் குண்டிச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் உடனே முன்கூட்டியே எழுதி வெளியிட்டார்கள்: சின்னத் தாமதம் சரி என்றால் 1996 பிப்ரவரியில் பி மங்கும், பெரிய தாமதம் சரி என்றால் அதற்குச் சில மாதம் கழித்து மங்கும். பிறகு காத்திருந்தார்கள். 1996 பிப்ரவரியில் பி மங்கியது. தாமதம் 417 நாள், கூடக் குறைய 3 நாள். சண்டை அன்றோடு தீர்ந்தது.

900 கோடி ஆண்டுப் பயணத்தை ஒரு வருடமாகச் சுருக்கினால், இந்த 417 நாள் என்பது ஒரு விநாடியில் 250-ல் ஒரு பங்கு.

*சரி, அந்த நாளைத் தெரிந்து என்ன லாபம்?*

பாதைகளின் நீளம் பிரபஞ்சத்தின் அளவைப் பொறுத்தது. ஆகவே தாமதம் தெரிந்து, லென்ஸின் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் தெரிந்தால், பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம். இந்த யோசனையை நார்வே விஞ்ஞானி ஷுர் ரெஃப்ஸ்டால் 1964-லேயே, ஒரு லென்ஸும் கண்டுபிடிக்கப்படாத காலத்தில் எழுதிவிட்டார்.

லென்ஸைப் புரிந்துகொள்ளும் கணக்கில் நம்மவர்களின் பங்கு கணிசம். இரட்டைக் குவாசரின் லென்ஸுக்கு 1980-களிலேயே மாதிரி போட்டுப் பார்த்தவர்கள் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நரசிம்மா, சுப்ரமணியன், சித்ரே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ரமேஷ் நாராயண், ரோஜர் பிளாண்ட்ஃபோர்டுடன் சேர்ந்து 1986-ல் எழுதிய கட்டுரை, எத்தனை பிம்பம், எந்தப் பிம்பம் முதலில் வரும் என்பதையெல்லாம் ஒளியின் பயண நேரத்தை வைத்தே வகைப்படுத்தியது. இன்றைக்கும் இந்தத் துறைக்கு வருபவர்கள் படிப்பது அது.

இப்போதைய பஞ்சாயத்து இதுதான். பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவ வெப்ப ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் சொல்லும் விரியும் வேகம் சுமார் 67. அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு ஒருமுறை விநாடிக்கு 67 கிலோமீட்டர் வேகம் கூடுகிறது. பக்கத்துக் கேலக்ஸிகளின் நட்சத்திரங்களையும் வெடிப்புகளையும் வைத்து அளப்பவர்கள் சொல்வது சுமார் 73. இரண்டில் ஒன்று தப்பு, இல்லையென்றால் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிரபஞ்சத்தில் இருக்கிறது. ஆறு லென்ஸ் குவாசர்களை வைத்து ஹோலிகௌ என்ற குழு தனியாக அளந்ததில் 73.3 வந்தது. ஆனால் லென்ஸ் கேலக்ஸியின் எடை பற்றிய ஊகத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்த எண்ணின் பிடியும் தளர்கிறது என்று அதே துறையினர் 2020-ல் காட்டினார்கள். தாமதம் துல்லியம், லென்ஸ்தான் சந்தேகம் என்ற நிலைமை.

புற ஊதா இங்கேயும் உதவுகிறது. லென்ஸ் கேலக்ஸியில் இருக்கும் தனித்தனி நட்சத்திரங்களும் குட்டி லென்ஸாகிப் பிம்பத்தின் பிரகாசத்தை ஆட்டிவைக்கும். ஒளி வரும் இடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு அதிகம் ஆட்டம். குவாசர் தட்டில் புற ஊதா வருவது சூடான, சின்ன உட்பகுதியில் இருந்து. ஆகவே புற ஊதாவில் ஆட்டம் அதிகம், சிவப்பில் குறைவு. அந்த வித்தியாசத்தை வைத்துத் தட்டின் அளவையே போடுகிறார்கள். எந்த டெலஸ்கோப்பிலும் நேரடியாகப் பார்க்க முடியாத அளவு அது.

*இந்தியாவிடம் இப்படிப் பார்க்கும் கருவி இருக்கிறதா?*

இருக்கிறது. 2015 செப்டம்பர் 28-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பிஎஸ்எல்வி சி-30 ராக்கெட்டில் போன ஆஸ்ட்ரோசாட்டில் யூவிஐடி என்ற புற ஊதா டெலஸ்கோப் உள்ளது. காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கியது. சுமார் 38 சென்டிமீட்டர் கண்ணாடிகள் இரண்டு. 1.5 ஆர்க்செகண்ட் அளவுக்குக் கூர்மையாகப் பார்க்கும். இரட்டைக் குவாசரின் 6 ஆர்க்செகண்ட் இடைவெளியெல்லாம் அதற்குத் தாராளம்.

சின்னக் கண்ணாடிதானே என்று நினைக்க வேண்டாம். 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தையே பார்த்த தகவலில் இருந்து, 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு கேலக்ஸியின் தீவிரப் புற ஊதா ஒளியைப் புனே ஐயூக்காவின் கனக் சாஹா தலைமையிலான குழு பிடித்தது. 2020 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அந்தக் கேலக்ஸியும் இரட்டைக் குவாசரும் கிட்டத்தட்ட ஒரே காலகட்டத்தைச் சேர்ந்தவை.

கவலை ஒன்று உண்டு. யூவிஐடியில் 200 முதல் 300 நானோமீட்டர் வரை பார்க்கும் பகுதி 2018-ல் செயலிழந்துவிட்டது. இரட்டைக் குவாசரின் ஹைட்ரஜன் கோடு விழுவது சரியாக அந்த இடைவெளியில். இன்னும் குறைந்த அலைநீளத்தைப் பார்க்கும் பகுதி மட்டும் வேலை செய்கிறது. 1990-ல் போன ஹப்பிளோ 2024 ஜூனில் இருந்து ஒரே ஒரு கைரோஸ்கோப்பை நம்பி ஓடுகிறது. ஜேம்ஸ் வெப் பெரிதுதான், ஆனால் அது அகச்சிவப்புக்காகச் செய்யப்பட்டது, புற ஊதா பார்க்காது. இன்ஸிஸ்ட் என்ற பெயரில் 1 மீட்டர் புற ஊதா டெலஸ்கோப்பை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது. நாசா யூவெக்ஸ் என்ற டெலஸ்கோப்பை 2030-ல் அனுப்பத் திட்டமிட்டுள்ளது. அதற்குள் ஹப்பிள் நின்றுவிட்டால், நுணுக்கமான புற ஊதா நிறமாலை எடுக்க அதற்கு ஈடான கருவி இப்போதைக்கு வேறு இல்லை.

*நம்மூரில் இருந்து எங்கே பார்ப்பது?*

இரட்டைக் குவாசர் இருப்பது சப்தரிஷி மண்டலத்தில். ஏப்ரல் தொடக்கத்தில் இரவு 9 மணி வாக்கில், அரியலூரிலோ பெரம்பலூரிலோ நேர் வடக்கே திரும்பி, அடிவானத்துக்கும் உச்சிக்கும் சரிபாதி உயரத்தில் பார்த்தால் அந்த இடம். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலருக்கும் எட்டாது. பெரிய டெலஸ்கோப்பும் நல்ல இருட்டும் வேண்டும். ஏ-யில் இன்றிரவு ஏதாவது மாற்றம் தெரிந்தால், பி-யில் அதைப் பார்க்க ஒரு வருடமும் ஐம்பத்திரண்டு நாளும் காத்திருக்க வேண்டும்.